ஓரிபியை விற்கும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

நம் தென்னாப்பிரிக்காவில் நகராட்சிகளிடம் உள்ள சிறு விமான நிலையங்களைத் தனியாருக்கு விற்றால் தாமாக வளர்ந்துவிடும் என்று சென்ற இதழில் ஒருவர் எழுதியிருந்தார். அவர் காட்டிய உதாரணம் லான்சீரியா. நல்ல நிலையம்தான், ஆனால் ஜோகன்னஸ்பர்க்கின் பணப்புழக்கம் அதற்குக் கூப்பிடு தூரம். அங்கே கடை விரித்தால் கொள்வார் உண்டு. எங்கள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகராட்சியின் ஓரிபி விமான நிலையத்தில்?

போன நவம்பரில் மகளைப் பார்க்க ஜோகன்னஸ்பர்க் போகக் காலையிலேயே அங்கே போய் உட்கார்ந்தேன். ஓடுபாதை தெரியவில்லை, மேகம் இறங்கிப் புல்லின்மேல் படுத்திருந்தது. எங்களை ஏற்ற வேண்டிய விமானம் தலைக்கு மேல் இரைந்தது, ஒரு சுற்றுச் சுற்றியது, டர்பன் பக்கம் போய்விட்டது. எங்களை வேனில் ஏற்றி டர்பனின் கிங் ஷாக்கா விமான நிலையத்துக்கு அனுப்பினார்கள். மடியில் வைத்திருந்த முறுக்கு டப்பா மகள் வீடு போய்ச் சேர்ந்தபோது பாதி தூள்.

ஓரிபி மேட்டு நிலம். மேகத்திலும் விமானத்தை நம்பிக்கையாக இறக்க நல்ல கருவிகள் வேண்டும், அவற்றைப் பராமரிக்க ஆட்கள் வேண்டும். நாளுக்குச் சில விமானங்கள் மட்டும் வரும் இடத்தில் எந்த முதலாளி அந்தச் செலவைச் செய்வார்? அவர் கண்ணுக்கு ஓடுபாதை தெரியாது, மனைகள்தான் தெரியும்.

1993-இல் அமைந்த தென்னாப்பிரிக்க விமான நிலைய நிறுவனத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அரசுடையது. அதன் ஒன்பது நிலையங்களில் ஜோகன்னஸ்பர்க், கேப் டவுன், டர்பன் மூன்றும் சம்பாதிக்கின்றன. கிம்பர்லியும் அப்பிங்டனும் அந்தச் சம்பாத்தியத்தில் பிழைக்கின்றன. அண்ணன்மார் உழைப்பில் தம்பிகள் படிப்பது நம் வீடுகளில் நடப்பதுதானே. 1998-இல் ரோம் நகர விமான நிலைய நிறுவனம் இதில் 20 விழுக்காடு பங்கு வாங்கியது, 2005-இல் விற்றுவிட்டுப் போனது. கிம்பர்லியைப் பார்த்தா வாங்கியிருப்பார்கள்? ஓரிபியோ இந்தக் குடும்பத்திலேயே இல்லை. நகராட்சியின் ஒற்றைப் பிள்ளை.

தனியாரே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. குத்தகைக்கு விடட்டும். நிலம் ஊருடையதாகவே இருக்கட்டும். மூன்றாண்டுக்குள் கருவிகள் பொருத்தாவிட்டால் குத்தகை ரத்து என்று எழுதி வாங்கட்டும். கட்டுரையாளர் அந்த நிலம் என்ன விலை போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். கருவிகளின் விலையையும் விசாரித்து எழுதினால் அதையும் வாசிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
ரேய்ஸ்தோர்ப், பீட்டர்மாரிட்ஸ்பர்க்