கோழி வளர்ப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வந்திருக்கும் 19 உறுப்பினர்களே, வணக்கம். பதிவேட்டில் 46 பெயர்கள் இருக்கின்றன. மீதிப் பேருக்கும் வணக்கம் சொல்வதா என்று செயற்குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.

செயற்குழு 6 முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் சேராமல் கதை பேசிவிட்டுக் கலைந்தோம். தடுப்பூசி முகாம் ஒன்று நடந்தது. கோழி பரிமாற்ற நாளும் நடந்தது. எல்லோரும் சேவலையே கொண்டுவந்தார்கள், கொண்டுபோகத்தான் ஆளில்லை.

இனி நினைவேடு. இது செயலாளரின் சொந்த ஆசை என்று வெளியில் சிலர் பேசுவதாகக் காதில் விழுந்தது. சென்ற பொதுக்குழுவில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் இது. பேசுகிறவர்கள் அன்றும் வரவில்லை. நாம் வளர்த்த இனங்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டேன். எடை, தீவனம் எல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். அந்தக் கோழி நம் வீட்டில் எப்படி இருந்தது என்று எழுதினால் போதும் என்றேன். நான்கு சுற்றறிக்கை அனுப்பியதில் வந்தவை 9 பக்கம்.

வந்தவை ஒவ்வொன்றும் மணியானவை. அரௌகானா வளர்த்தவரின் மகள் முதல் நீல முட்டையை உடைத்து ஓட்டைத் திருப்பிப் பார்த்து, "உள்ளேயும் நீலம்!" என்று வீடெல்லாம் கத்திக்கொண்டு ஓடினாளாம். உண்மைதான், பழுப்பு நிறம் ஓட்டின் மேலே படிவது, நீலம் ஓடு முழுக்க ஊறுவது. பிராமாவுக்குக் கால்விரல் வரை இறகு. மழைக்காலத்தில் தினமும் சேற்றைக் கழுவித் துடைத்துத்தான் கூட்டில் விட்டேன் என்கிறார் ஒருவர். 'பிள்ளைகள் காலை ஒருநாளும் கழுவியதில்லை' என்று ஓரத்தில் அவர் மனைவியின் கையெழுத்து. போலிஷ் கோழிக்குத் தலை இறகு கண்ணை மறைக்கும், சத்தமில்லாமல் கிட்டே போனால் அலறித் துள்ளும். அதனால் கூப்பிட்டுக்கொண்டே போய்ப் பழகிய உறுப்பினர், அது செத்துப் பல வருடமாகியும் கூட்டுக்குப் போகும்போது இன்னும் கூப்பிட்டுக்கொண்டேதான் போகிறார்.

என் சில்கி மட்டும் 11 பக்கத்தைப் பிடித்துக்கொண்டது என்பது குற்றச்சாட்டு. வேறு எதைக் கொண்டு ஏட்டை நிரப்பியிருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சில்கிக்குக் கறுப்புத் தோல், காலுக்கு ஐந்து விரல். இறகின் இழைகளைக் கோத்துப் பிடிக்கும் கொக்கிகள் கிடையாது. அதனால் பஞ்சுபோல இருக்கும், பறக்க வராது. அடைக்குப் படுக்க மட்டும் எப்போதும் தயார். லெகார்ன் நேரெதிர். முட்டைக்காகவே பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் அடைகாக்கும் குணம் பெரும்பாலும் போய்விட்ட இனம். லெகார்ன் முட்டை ஐந்தைச் சில்கிக்கு வைத்தேன். 21ஆம் நாள் நான்கு பொரித்தது, ஒன்று கூமுட்டை. ஆறாவது வாரத்தில் குஞ்சுகள் தாயின் உயரத்துக்கு வந்துவிட்டன. ஆனாலும் இருட்டினால் தாயின் அடியில்தான். தலை உள்ளே, உடம்பு வெளியே. அப்புறம் ஒரு மாலை நான்கும் மரக்கிளைக்குப் பறந்துவிட்டன. இது கீழே நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. இருட்டிய பிறகு நான்தான் தூக்கிக் கூட்டில் விட்டேன். மறுநாளும் அப்படியே. எட்டு நாள் நடந்தது இது. ஒரே பக்கத்தில் எழுதக்கூடியவர்கள் எழுதிக் காட்டலாம்.

காதுமடல் வெள்ளையென்றால் முட்டையும் வெள்ளை, சிவப்பென்றால் பழுப்பு என்று துணைத்தலைவரும், நீல மடல் சில்கி வெளிர்முட்டை இடுகிறதே என்று நானும் பேசியது குறிப்பேட்டில் ஏற்றப்படவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழ நேராக இருக்கின்றன. சிறு பற்றாக்குறையைச் செயலாளர் கைப்பணத்தில் சரிக்கட்டினார். அதைப் பெரிதுபடுத்த அவர் விரும்பவில்லை. சந்தா பாக்கி 17 பேர், அதில் இருவருக்கு மூன்றாண்டு. கோழியும் இறகு உதிர்க்கும்போது முட்டை தராது. ஆனால் சில மாதத்தில் திரும்பத் தொடங்கிவிடும்.

தலைவர், பொருளாளர், முகாமுக்கு வந்த கால்நடை மருத்துவர், நாற்காலி தந்தவர் அனைவருக்கும் நன்றி.

பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் நாளையே விலகத் தயார். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன். வரும் ஆண்டு ஏட்டை அச்சுக்குக் கொடுக்க உத்தேசம். நம்மில் பாதிப் பேர் ரோட் ஐலண்ட் ரெட்டில்தான் தொடங்கினோம். அதைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் எழுதித் தந்தால் நினைவூட்டுக் கடிதம் சற்றுத் தாமதமாகப் போகக்கூடும். பொருளாளரிடம் இதை இன்னும் பேசவில்லை.

ஏடு என் வீட்டில் இருக்கிறது. எழுத வருகிறவர்கள் இருட்டுவதற்குள் வந்துவிடவும். கோழிகள் அடைந்த பிறகு வெளிவிளக்கைப் போடுவதில்லை.

செயலாளர்