திருத்தந்தையும் தென்கடலும்

தங்கச்சிமடம்
ஆகஸ்ட்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். கச்சான் காற்று இன்னும் ஓயவில்லை. பாதி நாள் எங்கள் நாட்டுப்படகு, அந்த வல்லம், கரையில்தான் கிடக்கிறது. பெரியவன் அந்த நேரத்தில் வலை கட்டிக்கொண்டிருக்கிறான்.

கடிதத்தின் கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய். நம் கத்தோலிக்கக் கோயிலில் கடலைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் சாமியார்கள் ஏன் பிரசங்கம் வைக்க வேண்டும், அதை விஞ்ஞானிகளிடம் விட்டுவிடலாமே என்று. நீ இத்தனை வருஷம் அறிவியல் வாத்தியாராக இருந்தவன், அப்படிக் கேட்பது நியாயம்தான். ஆனால் விஞ்ஞானிகளே கோயில் கதவைத் தட்டியிருக்கிறார்கள் என்பதை நீ யோசித்துப் பார்க்க வேண்டும்.

காலநிலை விஞ்ஞானி வீரபத்ரன் ராமநாதனை உனக்குத் தெரிந்திருக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். அப்புறம் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, பெட்டியிலிருந்து கசியும் வாயுவோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அதே குளோரோஃபுளோரோகார்பன் வாயு கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்று 1975-ல் அமெரிக்காவில் இருந்துகொண்டு உலகத்துக்குச் சொன்னவரும் அவர்தான். 2004-லிருந்து வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் உறுப்பினர். அங்கே என்ன மதம் என்று யாரும் கேட்பதில்லை; ஸ்டீபன் ஹாக்கிங்கூட உறுப்பினராக இருந்தவர். 2014-ல் அந்தக் கழகத்தின் கூட்டம் முடிந்த சமயம், வண்டிகள் நிற்கும் இடத்தில் நின்றபடியே திருத்தந்தை பிரான்சிஸிடம் பேச ராமநாதனுக்கு ஒரு நிமிஷம் கிடைத்தது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பூமியைக் கெடுக்கும் புகையில் பெரும்பகுதி வசதியான நூறு கோடிப் பேரிடமிருந்து வருகிறது, அடி விழுவதோ ஏழைகளான முந்நூறு கோடிப் பேர்மேல்.

மறு வருஷம், 2015 ஜூன் 18 அன்று, பூமியைக் காப்பது பற்றித் திருத்தந்தை எழுதிய 'லவ்தாத்தோ சி' என்ற சுற்றுமடல் வெளியானது. வெளியீட்டு மேடையில் கர்தினாலுக்குப் பக்கத்தில் ஜெர்மனியின் காலநிலை விஞ்ஞானி ஷெல்ன்ஹூபர் உட்கார்ந்திருந்தார், ஆர்த்தடாக்ஸ் சபையின் பேராயர் ஒருவரும் இருந்தார். அந்தச் சபை 1989-லேயே செப்டம்பர் 1-ஐப் படைப்புக்காக மன்றாடும் நாளாக அறிவித்துவிட்டது. நம் சபை அதை ஏற்றது 2015-ல்தான். புராட்டஸ்டண்ட் பக்கம் பார்த்தால், ஐ.நா. காலநிலைக் குழுவின் முதல் மூன்று அறிக்கைகளுக்கு அறிவியல் பிரிவை நடத்திய ஜான் ஹௌட்டன் ஆழ்ந்த கிறிஸ்தவர். 2002-ல் ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பேசியதைக் கேட்டுத்தான் அமெரிக்க சுவிசேஷத் தலைவர்களில் ஒருவரான ரிச்சர்ட் சிசிக் காலநிலை மாற்றம் உண்மைதான் என்று மனம் மாறினார். அவரிடம் ஹௌட்டன் வேதத்தையும் சொன்னார், அளவீடுகளையும் சொன்னார். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடிந்ததுதான் காரியம்.

சரி, இதெல்லாம் எங்கேயோ நடந்தது. என்னை உலுக்கியது அந்தச் சுற்றுமடலின் 41-ஆம் பத்தி. அது பவளப்பாறைகளைப் பற்றியது. கடலின் அதிசய உலகத்தை நிறமும் உயிரும் இல்லாத கல்லறைத் தோட்டமாக மாற்றியது யார் என்று அது கேட்கிறது. பிலிப்பைன்ஸ் ஆயர்கள் 1988-ல் கேட்ட கேள்வி அது. அவர்கள் மக்களும் நம்மைப்போலத் தீவுக்காரர்கள், மீன்பிடிப்பவர்கள்.

படித்ததும் 2016 கோடை ஞாபகம் வந்தது. பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து கடல்பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா, கரையேறி விரலில் சுற்றிய துணியை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே, "பாரெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கு தம்பி" என்றார். பார் என்று இங்கே சொல்வது பவளப்பாறையைத்தான். துணிக்குள் விரல் நுனியெல்லாம் ஊறி வெளிறி, பாறை கிழித்த கோடுகளோடு இருந்தது. தண்ணீர் சூடேறினால் பவளம் தனக்குள் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும், நிறமும் போகும், சாப்பாடும் போகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மண்டபம் ஆராய்ச்சி நிலையத்தில் அதைக் கருவி வைத்து அளப்பார்கள், அந்த அக்கா மூச்சடக்கிப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். 1998, 2010, 2016 என்று மன்னார் வளைகுடா திரும்பத் திரும்ப வெளுத்திருக்கிறது. 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. அதில் சுண்ணாம்புக்காகப் பாரை வெட்டி எடுத்த பழைய பாவமும் சேர்ந்திருக்கிறது.

நான் சொல்ல வருவது இதைத்தான். கடலைக் காக்க வேண்டும் என்று பேச ஆரம்பித்தால், சட்டம் முதலில் போய் நிற்பது இந்தப் பெண்கள் முன்னால். தீவுப்பக்கம் போகாதே, பாசியைத் தொடாதே என்பார்கள். எடுத்த பாசியையும் பறித்துக்கொண்டு போன நாள்கள் உண்டு. இவர்களோ மாதத்தில் 12 நாள்தான் எடுப்பது, தகடு வைத்துச் சுரண்டாமல் கையால்தான் பறிப்பது என்று தாங்களே முறை வைத்துக்கொண்டவர்கள். கடல் சூடாவதற்கு இவர்கள் செய்தது என்ன? ஒன்றுமில்லை. ராமநாதன் அந்த ஒரு நிமிஷத்தில் எதைச் சொல்லலாம் என்று யோசித்து, யார் கெடுக்கிறார்கள், யார் அடிபடுகிறார்கள் என்பதைத் தேர்ந்தெடுத்தாரே, அதற்காகவே அவரைக் கும்பிடலாம். சுற்றுமடலும் பூமியின் அழுகையையும் ஏழையின் அழுகையையும் சேர்த்தே கேட்கச் சொல்கிறது.

அதனால் கோயில் பேசட்டும் என்கிறேன். ஆனால் எல்லோரிடமும் பேச வேண்டும். எங்கள் பங்கிலேயே வல்லத்துக்காரர்களும் இருக்கிறார்கள், விசைப்படகு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். இழுவைமடி கடல்தாழையை வேரோடு அரித்துக்கொண்டு வருகிறது. மடியில் ஏறுவதில் எவ்வளவு சங்காயம், அதாவது கழிவு மீன், என்று ஏலக்கூடத்தில் போய்ப் பார், வளர விட்டிருந்தால் நல்ல மீனாகியிருக்கும் குஞ்செல்லாம் கோழித் தீவனத்துக்குப் போகிறது. சுற்றுமடலின் 40-ஆம் பத்தி கட்டுப்பாடில்லாத மீன்பிடிப்பையும் பேசுகிறது. அதையும் பூசையில் சத்தமாக வாசிக்க வேண்டும். அதிகாரி சொன்னால் சண்டைக்குப் போகிறவன், பீடத்திலிருந்து வந்தால் கொஞ்சம் நின்று கேட்பான். வல்லத்துக்காரனையும் படகு முதலாளியான சம்மாட்டியையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க இங்கே வேறு இடமும் இல்லை.

செப்டம்பர் 1-க்கு அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஒரு கூட்டம் வைக்கலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டார். மண்டபம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஒரு விஞ்ஞானியை அழைக்கப் பார்க்கிறோம். சின்னப்பாலத்து அக்காமார் இரண்டு பேரைப் பேசச் சொல்லியிருக்கிறேன்; நாங்கள் முதலில் பேசுவதாக இருந்தால்தான் வருவோம் என்றார்கள், அப்படியே ஆகட்டும் என்றேன். பவளம் ஏன் வெளுக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி நீ வந்து சொல்ல வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
உன் தங்கச்சிமடத்து நண்பன்