கண்ணாடி முன் என் பின்னால் நின்ற அண்ணிக்கும் மற்றவர்களுக்கும்

மார்புப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சை முடிந்து 11 நாள் ஆகிறது. தோல் இன்னும் கன்றிச் சிவந்திருக்கிறது, அசதியும் விடவில்லை. ஆனாலும் இந்த மடலை இனியும் தள்ளிப்போட மனமில்லை.

அண்ணி, உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அன்று முடியை அள்ளிக் கொண்டை போடக் கையைத் தூக்கினேன். பின்னால் நின்ற நீங்கள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அது என்ன குழி? கையை இறக்காதே, அப்படியே நில்லு" என்றீர்கள். இடது மார்பின் கீழ்ப்புறம், உள்ளிருந்து யாரோ நூலால் இழுத்துப் பிடித்ததுபோல ஒரு சின்னச் சுருக்கம். கையை இறக்கினால் மறைந்துவிடும். மூன்று மாதமாக நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டி எதுவும் கைக்குத் தட்டுப்படவில்லை, வலியும் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்ற தைரியம் வேறு. "வலிக்குதோ இல்லையோ, முன்ன இல்லாதது இப்ப இருக்குல்ல? கிளம்பு" என்று சொல்லி, அந்த வாரமே கூட்டிப்போனீர்கள்.

டாக்டர் அம்மா, நீங்கள் என்னைப் பயமுறுத்தவும் இல்லை, ஒன்றுமில்லை என்று தட்டிக்கொடுத்து அனுப்பவும் இல்லை. கையை உயர்த்தச் சொல்லி, இடுப்பில் ஊன்றச் சொல்லி, படுக்கவைத்து, இரண்டு மார்பையும் அக்குளையும் கழுத்தெலும்புக்கு மேலேயும் நிதானமாகப் பார்த்தீர்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, நீர்க்கட்டியோ நார்க்கட்டியோதான், ஆனால் தொட்டுப் பார்த்து மட்டும் அதை முடிவுசெய்யக் கூடாது என்றீர்கள். மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், பிறகு ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சி. ஆழத்தில் இருந்த கட்டி 14 மில்லிமீட்டர், அக்குள் நெறிக்கட்டிகளுக்குப் பரவவில்லை. இந்த நோய் வரும் பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் யாருக்கும் இருந்திருக்காது என்பதையும் உங்களிடம்தான் தெரிந்துகொண்டேன்.

பயாப்சி அன்று என் கையைப் பிடித்திருந்த நர்ஸ் சகோதரிக்கு: இன்னொரு மார்பில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று கேட்டேன். வேலைக்கு நடுவே உட்கார்ந்து சொன்னீர்கள். காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொண்டால், அழுத்தாமலே ஒரு பக்கம் மட்டும் நீர் கசிந்தால், அதுவும் ரத்தம் கலந்திருந்தால், காத்திருக்க வேண்டாம். மாதவிலக்குக்கு முன் சிலருக்கு மார்பு கட்டிகட்டியாக இருக்கும், விலக்கு முடிந்ததும் அடங்கிவிடும். முடிந்தும் அப்படியே இருந்தால் காட்டிவிட வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு மார்பு சிவந்து, சூடாகி, தோல் ஆரஞ்சுப் பழத் தோல்போலத் தடித்து, மாத்திரை சாப்பிட்டும் குறையவில்லை என்றால் மறுபடி போயே ஆக வேண்டும் என்று இரண்டு தடவை அழுத்திச் சொன்னீர்கள். என் தங்கைக்குக் கைக்குழந்தை. அன்று இரவே அவளுக்குச் சொல்லிவிட்டேன்.

காத்திருப்பு அறையில் பக்கத்தில் இருந்த அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கடைசிவரை சுருட்டிப் பிதுக்கிய ஆயின்மென்ட் டியூபைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினீர்களே. ஒரு காம்பில் மட்டும் ஆறாத சொறி, வெறும் தோல் நோய் என்று மாதக்கணக்கில் தடவியது. சொறிகூட இதன் அறிகுறியாக இருக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் நேரிலேயே சொல்லிவிட்டேன், சேர்ந்து அழுதும் முடித்துவிட்டோம்.

அண்ணி, எனக்கு இனி ஆண்டுக்கொரு மேமோகிராம். 52 வயதாகியும் ஒரு தடவைகூட எடுத்ததில்லை என்று அன்று ஆஸ்பத்திரியில் வாய்தவறிச் சொன்னீர்கள். உங்கள் பெயரையும் பதிந்துவிட்டேன். அடுத்த வாரம் உங்களைக் கூட்டிப்போவது நான்.