புளியங்கொட்டை எண்ணிய கைகளுக்கு

எங்கள் வட்டத்துக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூட முனையில் சாலையைக் கடக்கப் புதிதாகப் போட்ட கடவையில் என் மாமியார் தனியாக நடந்து எதிர்ப்பக்கம் போனார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அதே இடத்தில் பைக் இடித்து இடுப்பெலும்பு முறிந்தவர். சாலைக்கு இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கோயில். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு இத்தனை நாளும் ஆட்டோ பிடித்தோம். பிளாட்பாரத்தில் ஏறி நின்று அவர் திரும்பிப் பார்த்து கையைத் தூக்கியபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய மடல் இது.

இந்த முனையை மாற்ற முதலில் எங்கள் கைக்கு வந்த வரைபடத்தை நினைத்துப் பாருங்கள். தார்ச் சாலையை அகலமாக்க நடைபாதையைக் குறைத்திருந்தார்கள். இரண்டு புங்கமரங்களுக்குச் சிவப்புக் குறி. முனையின் வளைவைப் பெரிதாக்கி, வண்டிகள் வேகம் குறைக்காமலே திரும்ப வழி செய்திருந்தார்கள். நெரிசல் குறையும் என்று நாங்களே பாதிப் பேர் சந்தோஷப்பட்டோம்.

அப்போது பால் பூத் வாசலில் சார்ட் பேப்பரை விரித்தாரே, ஓய்வுபெற்ற டிராயிங் ஐயா, அவருக்குத்தான் முதல் நன்றி. முனை விரிந்தால் வண்டி வேகமாகத் திரும்பும், நடக்கிறவருக்குக் கடக்க வேண்டிய தூரமும் கூடும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் வரைந்து காட்டினார். நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்று, நடப்பவர் வசதிகளுக்கான இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டியான ஐ.ஆர்.சி. 103 சொல்வதையும், நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். சாலையின் அகலம் 14 மீட்டர். பச்சை விளக்கு நேரத்தைக் கணக்கிடும்போது மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். அப்படியானால் 12 நொடி போதும். என் மாமியாரைத் தெருவுக்குள் அதே தூரம் நடக்கவைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார் ஐயா. 26 நொடி. அந்த ஒரு எண் எங்கள் மனுவில் முதல் வரியானது.

எட்டாம் வகுப்புப் பெண்களே, உங்களுக்கு என்ன சொல்ல! மூன்று நாள், காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை முனையில் நின்று எண்ணினீர்கள். பைக்குக்கு ஒரு டப்பா, ஆட்டோவுக்கு ஒன்று, காருக்கு ஒன்று, பஸ்ஸுக்கு ஒன்று, நடந்து போகிறவர்களுக்கு ஒன்று, வண்டிக்கொரு, ஆளுக்கொரு புளியங்கொட்டை. முதலில் நிரம்பியது நடப்பவர்களின் டப்பாதான். வண்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் அந்தக் கூட்டம் யார் கணக்கிலும் வந்திருக்காது.

ஆனாலும் முனையை ஒடுக்க நாங்களே வரைந்த மாற்றுத் திட்டத்தில் பெரிய ஓட்டை இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பூக்கார அக்கா. பள்ளி நேரத்தைவிட சாயங்காலம்தான் ஆபத்து என்றார். கடவைக்கு முன்னால் பஸ் நிற்கிறது. இறங்கினவர்கள் பஸ்ஸின் மூக்கைச் சுற்றிக் கடக்கிறார்கள். பஸ்ஸை முந்தும் பைக்குக்கு அவர்கள் தெரிவதில்லை. என் மாமியார் விழுந்ததும் அப்படித்தான் என்று அவர் சொன்னபோதுதான் எங்களுக்கே உறைத்தது. நிறுத்தம் கடவையைத் தாண்டிப் போனதற்கு அக்காதான் காரணம். இதையெல்லாம் சொன்ன அவருக்கே எங்கள் முதல் வரைபடத்தில் இடம் வைக்கவில்லை. தெரு வியாபாரிகளைக் காக்க 2014-இல் சட்டமே வந்திருக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை மறந்தோம். அக்கா, அதற்கு இங்கே எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்கிறேன். புங்கமர நிழலில் உங்கள் கூடை இப்போது இருக்கும் இடம் இனி வரைபடத்திலும் உண்டு.

கடைசிவரை எங்களை எதிர்த்த மரச்சாமான் கடை அண்ணாச்சிக்கும் மனமார்ந்த நன்றி. முனையை ஒடுக்கினால் தன் சரக்கு லாரி திரும்பாது என்றார். வாய்ச்சண்டையாக முடிந்திருக்க வேண்டியது, போக்குவரத்துக் காவலர்கள் ஒரு ஞாயிறு காலை சம்மதம் தந்ததால் சோதனையாக மாறியது. கோலமாவில் கோடு போட்டு, மணல் மூட்டை அடுக்கி, அவர் லாரியையே வரவழைத்தோம். பின்சக்கரம் மூட்டையில் ஏறியது. அவர் சொன்னது சரி. ஒன்றரை அடி நகர்த்தினோம், லாரி திரும்பியது. பின்னால் வந்த கார்களும் மெதுவாகவே திரும்பின. இன்று அங்கே நிற்கும் கல் அந்தக் கோலமாவுக் கோட்டின்மேல்தான் நிற்கிறது. பத்தடி விட்டுக்கொடுத்த ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகளையும் மறக்க மாட்டோம்.

கவுன்சிலர் அம்மாவுக்கு நன்றி சொல்லும்போது கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்ற 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. நம் தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும், வார்டுக்குள் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் பகுதி சபைக்கும் விதிகள் வர 2022 ஆனது. அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த கூட்டத்தைக் கையெழுத்துச் சடங்காக முடித்துவிடாமல், எங்கள் டப்பாக்களை மேசையில் வைக்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் பேசவிட்டார் அம்மா. பூக்கார அக்கா மைக் பிடித்து ஐந்து நிமிடம் பேசினார். உதவிப் பொறியாளர் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். நடைபாதை உயரத்துக்கே மேடாக்கிய கடவை போடலாம், வண்டி தானாக வேகம் குறையும் என்ற யோசனை அவருடையது. வண்டியும் ஆளும் கலந்து போகும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று 2020-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த சாலைப் பாதுகாப்பு மாநாட்டில் அறிவித்ததையும் அவர்தான் எடுத்துச் சொன்னார். வேலை நடந்த பதினொரு இரவும் கூட நின்றார். நன்றி, சார். கல் பதித்த தொழிலாளர்களுக்கு அந்த இரவுகளில் டீ கொடுத்த வீடுகள் எவையென்று எனக்குத் தெரியும். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள்.

இன்னும் விளக்குக் கம்பம் வரவில்லை. மழைநீர் வடிகால் மூடி ஒன்று நடைபாதையைவிட உயர்ந்து நிற்கிறது, சக்கர நாற்காலி அங்கே தட்டும். மனு கொடுத்தாயிற்று.

ஆறு மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் பொறியாளர். டப்பாக்களைக் கழுவிப் பரணில் வைத்திருக்கிறேன். பள்ளி திறந்த மறுவாரம் செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு வந்துவிடுங்கள். இந்த முறை சாயங்காலமும் எண்ணுகிறோம். புளியங்கொட்டை இருக்கிறவர்கள் எடுத்து வையுங்கள், போன தடவை பற்றவில்லை.

அன்புடனும் நன்றியுடனும்,
பள்ளிக்கூட முனை வீட்டுக்காரி