புள்ளித்தாள் மூடப்படாத ஆண்டு

கொலோன், ஜேர்மனி
2020 மே 31

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நீங்களும் தம்பியும் தங்கச்சியும் ஆச்சியும் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

நீங்கள் பங்குனியில் எழுதிய கடிதம் எங்கெங்கோ கிடந்துவிட்டுச் சென்ற வியாழக்கிழமைதான் என் கைக்கு வந்து சேர்ந்தது. தைப்பொங்கலுக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை என்று அதில் குறைப்பட்டிருக்கிறீர்கள், அது நியாயமே. வாரந்தோறும் தொலைபேசியில் கதைக்கிறோமே என்று நான் சொல்லலாம். ஆனால் அம்மா இரண்டு சொல் கதைத்ததும் அழத் தொடங்குவதையும், நீங்கள் வாங்கி “இங்கே எல்லாம் சரி” என்றுவிட்டுத் தம்பியிடம் கொடுத்துவிடுவதையும் கதைப்பதில் சேர்க்க முடியாது.

கடைசிப் பக்கத்தில், நான் வேலை செய்யும் அரங்கில் வைகாசியில் நடக்கவிருந்த கூடைப்பந்து இறுதிப் போட்டிகள் நடக்குமா, நடக்காவிட்டால் கிண்ணத்தை யாருக்குக் கொடுப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கொரோனா ஊரடங்கில் அரிசியும் மருந்தும் தேடி அலைந்த நாட்களிலும் உங்களுக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். விளையாட்டு ஆசிரியர் ஓய்வூதியம் எடுத்தாலும் விசில் கழுத்திலிருந்து இறங்குவதில்லை போலும். உங்கள் கேள்விக்கு விடை வந்து இன்றோடு ஆறு நாளாகிறது: போட்டி இல்லை, கிண்ணமும் யாருக்கும் இல்லை.

முறையாகச் சொல்லாவிட்டால் உங்களுக்குத் திருப்தி வராது என்பதால் தொடக்கத்திலிருந்தே எழுதுகிறேன். யூரோலீக் என்ற இந்த ஐரோப்பியக் கூடைப்பந்துத் தொடர் நாடுகளின் அணிகள் மோதுவதன்று, கழகங்கள் மோதுவது. இந்தப் பருவத்தில் பத்து நாடுகளைச் சேர்ந்த 18 கழகங்கள் ஆடின. ஒவ்வொன்றும் மற்றைய ஒவ்வொன்றோடும் சொந்த ஊரில் ஒருமுறை, எதிரணியின் ஊரில் ஒருமுறை என 34 ஆட்டங்கள் ஆடவேண்டும். முதல் எட்டு இடங்களுக்குள் வருபவை கால் இறுதித் தொடரில் மோத, அதில் வெல்லும் நான்கு அணிகளும் ஒரே நகரத்தில் மூன்று நாட்களுக்குள் வெற்றியாளரைத் தீர்மானிக்கும். அந்த நகரம் இந்த ஆண்டு எங்கள் கொலோன். நாட்கள் மே 22 முதல் 24 வரை. எல்லா அணிகளும் 28 ஆட்டங்களை முடித்திருந்த நிலையில், மார்ச் 12 அன்று தொடரை நிறுத்திவைத்தார்கள். அதற்கு முன்பே மிலானில் ரியல் மாட்ரிட் வந்து ஆடிய ஆட்டம் பார்வையாளர் ஒருவருமின்றி நடந்திருந்தது. பிறகு அதே மாட்ரிட் கழகத்தின் கூடைப்பந்து வீரர் ஒருவருக்கு நோய் உறுதியானதும் நாளுக்கொரு நாட்டுக்குப் பறந்து ஆடுவது முடியாத காரியம் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

எஞ்சிய 54 ஆட்டங்களையும் இறுதிப் போட்டிகளையும் ஆடியில் ஏதாவதொரு நகரத்தில் எல்லா அணிகளையும் அடைத்துவைத்து நடத்திவிடலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. ஆனால் ஒரு நாட்டில் உடற்பயிற்சிக் கூடம் திறந்திருக்க இன்னொரு நாட்டில் வீட்டு வாசலைத் தாண்டவே தடை. மாதக்கணக்கில் பந்தைத் தொடாத கால்களோடு நேரே களத்தில் இறங்கினால் முழங்கால் போய்விடும் என்று ஆட்டக்காரர்களும் பயந்தார்கள். இந்த 25ஆம் திகதி, திங்கட்கிழமை, பருவத்தையே கைவிடுவதாக அறிவித்தார்கள். அதே 18 கழகங்களும் அடுத்த பருவத்தில் மீண்டும் ஆடும். இறுதிப் போட்டியும் அடுத்த வைகாசியில் கொலோனுக்கே வரும் என்கிறார்கள்.

முதலிடத்தில் நின்றது இஸ்தான்புல்லின் அனடோலு எஃபெஸ். 28 ஆட்டங்களில் 24 வெற்றி. அவர்களுடைய லார்கின் என்ற சிறிய உருவக்காரர் சென்ற நவம்பரில் மியூனிக்கின் பயர்ன் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 49 புள்ளிகள் எடுத்தார். உயரமில்லாத பிள்ளைகளைக் கூடைப்பந்துக்குச் சேர்க்கமாட்டேன் என்று நீங்கள் ஒருகாலத்தில் சொன்னதை அன்று நினைத்துக்கொண்டேன். அப்படியானால் எஃபெஸுக்கே கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. 34 ஆட்டங்கள் என்று எழுதிவைத்துத் தொடங்கியதை 28இல் நிறுத்திவிட்டு, முன்னே நின்றவர் கையில் கிண்ணத்தைக் கொடுத்தால் பின்னால் ஓடிவந்தவர்களுக்கு என்ன பதில்? 1995இல் இடம்பெயர்ந்து சாவகச்சேரிக்குப் போனபோது, பாதியில் நின்ற பாடசாலைப் போட்டியின் புள்ளித்தாளை நீங்கள் காணி உறுதிகளோடு சேர்த்து மடித்துக் கொண்டுபோனீர்கள் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதில் உங்கள் பாடசாலைதான் முன்னணியில் இருந்ததாம். இருந்தும் நீங்கள் அதன் அடியில் கையெழுத்துப் போடவில்லை.

இனி அரங்கைப் பற்றி. ரைன் ஆற்றின் கிழக்குக் கரையில் டொய்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. மேற்குக் கரையில் பெரிய தேவாலயம் நிற்பதால் அந்தப் பக்கத்தவர்களுக்கு எங்கள் கரை கொஞ்சம் இளக்காரம். அதற்கென்றே ஒரு கேலிப் பெயரும் வைத்திருக்கிறார்கள். அரங்கின் கூரையைப் பெரிய இரும்பு வளைவொன்று மேலிருந்து தாங்குகிறது. தூரத்தில் நின்று பார்த்தால் கைபிடி வைத்த சாப்பாட்டுக் கரியர் போலவே இருக்கும். நான் கற்பனையில் சொல்லவில்லை, ஊர்க்காரர்களே அதை அந்தப் பெயரால்தான் அழைக்கிறார்கள். தொழிலாளர்கள் வேலைக்குச் சாப்பாடு கொண்டுபோன அந்தக் காலக் கரியருக்கு உள்ளூரில் என்ன பெயரோ அதே பெயர். அந்தக் கரியருக்குள்ளே சமையலறையில் நிற்பதால் எனக்குப் பொருத்தமான பெயராகவே படுகிறது.

குளிர்காலம் முழுவதும் அங்கே ஐஸ் ஹொக்கி நடக்கும். கூடைப்பந்து வந்தால் பனித்தளத்தை மூடி, மேலே மரப்பலகைகளைத் துண்டு துண்டாகப் பொருத்திக் களம் அமைப்பார்கள் என்று அங்கே பழையவர்கள் சொன்னார்கள். அதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. நான்கு ஊர்களிலிருந்து இரசிகர்கள் வருவார்கள், மூன்று நாளும் விடியவிடிய வேலை இருக்கும் என்று மாசியிலேயே எங்கள் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். மார்ச் 10 அன்று ஐஸ் ஹொக்கிப் பருவத்தை வெற்றியாளர் இல்லாமலே முடித்துவிட்டார்கள். மறுநாள் கொலோன் உதைபந்தாட்ட அணி பக்கத்து ஊர் அணியுடன் வெறும் இருக்கைகளுக்கு முன்னால் ஆடியது. இப்படி ஆளில்லாமல் ஆடுவதை இங்கே பேய் ஆட்டம் என்கிறார்கள். பேய்க்குச் சாப்பாடு வேண்டாம் என்பதால் அன்றோடு எங்கள் அடுப்பும் அணைந்தது.

உடனே அம்மா பயப்பட வேண்டாம். வேலை குறைந்தவர்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கமே கொடுக்கும் ஏற்பாடு இந்த நாட்டில் உண்டு. அது நிரந்தரமாகப் பதிந்த வேலைக்காரர்களுக்கு உரியது. மாதம் 450 யூரோவுக்குள் பகுதிநேரமாக உழைக்கும் என் போன்றவர்களுக்கு அது சேராது என்றாலும், எனக்கு வேறு வழி கிடைத்துவிட்டது. போலந்திலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் வழக்கமாக வரும் தோட்டத் தொழிலாளர்கள் எல்லை மூடியதால் போதிய அளவில் வரவில்லை. ஆகவே சித்திரை நடுவிலிருந்து வெள்ளை அஸ்பராகஸ் வெட்டப் போகிறேன். நம் சாத்தாவாரியின் இனம்தான். வரப்புப்போல் மண்ணைக் குவித்துக் கறுப்புப் பொலித்தீனால் மூடி, வெளிச்சம் காணவிடாமல் வளர்த்து, தலை காட்டும் முன்னர் மண்ணுக்குள் கைவிட்டு வெட்டவேண்டும். காலை ஐந்து மணிக்கு நல்ல காற்று, நல்ல உடற்பயிற்சி. முதுகுவலி என்று தம்பியிடம் நான் சொன்னதை அவன் பெரிதாக்கிச் சொல்லியிருப்பான், நம்ப வேண்டாம். அந்த அறுவடை வழக்கமாக ஜூன் 24உடன் முடிந்துவிடும். அதற்குள் அரங்கு திறக்காது, பெரிய கூட்டங்களுக்கு ஓகஸ்ட் 31 வரை தடை. இடையில் எதையாவது பார்த்துக்கொள்வேன்.

நான் இருக்கும் கட்டடத்தின் மேல்மாடி லித்துவேனியக் கிழவரைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். இருபது ஆண்டுகளாக இங்கே லொறி ஓட்டியவர். கவுனாஸ் நகரத்தின் ஜால்கிரிஸ் கழகம் என்றால் அவருக்கு உயிர். 1999இல் மியூனிக்கில் அந்தக் கழகம் இத்தாலியின் பொலோஞா நகரக் கழகத்தை 82–74 என்று வென்று ஐரோப்பியக் கிண்ணம் எடுத்தபோது, லொறியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பார்த்தவராம். சரக்கு என்னவாயிற்று என்று கேட்டேன், “தக்காளிதானே” என்றார். இந்தப் பருவத்தில் 28 ஆட்டங்களில் 12 வெற்றிதான் என்றாலும், எட்டாம் இடத்துக்கு இன்னும் வழியிருந்தது என்பதில் அவர் மிக உறுதி. கொலோனுக்கே தன் அணி வரும் என்று நம்பி, அந்த மூன்று நாட்களுக்கும் நுழைவுச்சீட்டு எடுத்துக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தார்.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை ஆறு மணிக்கு நாடெங்கும் பலகணிகளில் நின்று இசை வாசிக்கச் சொன்னார்கள். எங்கள் தெருவில் ஒருவர் வயலின் வாசித்தார், ஒரு பிள்ளை குழல் ஊதியது, இவர் பச்சைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கழகத்தின் பெயரைத் தொண்டை கிழியக் கத்தினார். நான் இலங்கை என்பதை மூன்றாவது முறை சொன்ன பிறகுதான் ஏற்றுக்கொண்டார். தீவு என்றதும் முகம் மலர்ந்து, தங்கள் அரங்கும் ஆற்றின் நடுவே ஒரு தீவில்தான் இருக்கிறது, ஆகவே நாங்கள் இருவரும் தீவுக்காரர்கள் என்றார். அன்று முதல் படியில் இரண்டு மீற்றர் தள்ளி இருந்து பழைய ஆட்டங்களை அவருடைய கணினியில் பார்க்கிறோம். நான் கொடுக்கும் இரசத்தை மருந்து என்று நினைத்துக் கண்ணை மூடிக் குடிக்கிறார்.

சென்ற வெள்ளிக்கிழமைக்கு முந்திய வெள்ளி, அதாவது போட்டி தொடங்கியிருக்கவேண்டிய 22ஆம் திகதி, முறைப்படி இன்னும் எதையும் கைவிடவில்லை என்பதால் அரங்கு வரை நடந்து போவோம் என்று கூப்பிட்டார். முகக்கவசமும் பச்சைச் சால்வையும் நுழைவுச்சீட்டுமாக வந்தார். வாசலில் காவலாளிகூட இல்லை. படியில் இருந்து, நான் கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தைச் சாப்பிட்டோம். பின்னே தொடர்வண்டிகள் வெறுமையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் யாரோ ஆடுவதுபோல் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ நம் பாடசாலை மைதானத்து வேம்பும், வலையில்லாத அந்த இரும்பு வளையமும், மாலை ஐந்தரைக்குப் பந்து சீமெந்தில் விழும் ஓசையும், நீங்கள் “காலை அசை, காலை அசை” என்று கத்துவதும் அப்படியே காதில் கேட்டன. ஐந்து ஆண்டுகளாகிறது அப்பா. அந்த ஓசையைக் கேட்பதற்காகத்தான் நான் அந்த மூன்று நாட்களையும் எதிர்பார்த்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. சமையலறை சுவருக்கு மறுபுறம்தான் களம். பந்து விழுவது அங்கே கேட்டிருக்கும். புளிச்சாதம் அன்று கொஞ்சம் காரமாகிவிட்டது, இருவருக்கும் கண் கலங்கியது.

வரும் சனிக்கிழமை, ஜூன் 6 தொடங்கி, மியூனிக்கில் ஜேர்மன் கூடைப்பந்துக் கழகங்களின் பருவத்தை மட்டும் எப்படியாவது ஆடி முடிக்கப் போகிறார்கள். பத்து அணிகளை ஒரே விடுதியில் அடைத்துவைக்கப் போகிறார்களாம். அதுவும் பேய் ஆட்டம்தான். முடிவை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இனி வீட்டு விடயங்கள். தங்கச்சியின் கலியாணப் பேச்சை மாப்பிள்ளை வீட்டார் ஆவணிக்குத் தள்ளியிருப்பது நல்லதே. அவர்கள் கேட்ட சீதனப் பணத்தைப் பற்றி நீங்கள் முந்திக்கொண்டு எந்த வாக்கும் கொடுக்கவேண்டாம். அம்மாவின் சங்கிலியை வைகாசியில் மீட்டுத் தருவதாக நான் சொல்லியிருந்தேன். அடகுக் கடைக்காரர் ஊரடங்கைக் காரணமாக ஏற்றுத் தவணை தருவார் என்று தம்பி சொல்கிறான். வட்டியை மட்டும் இந்த மாதம் கட்டிவிடுங்கள், அதற்கான காசை வெள்ளிக்கிழமை அனுப்புகிறேன். கிணற்று மோட்டாரைப் புதிதாக வாங்கவேண்டாம், சுருளை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். ஆச்சியின் கண் வில்லையை ஆஸ்பத்திரி திறந்ததும் முதலில் பாருங்கள், அதற்குக் காசு பார்க்கவேண்டாம்.

சின்ன மாமா ஊரடங்கு நாட்களில் எல்லை வேலியை இரண்டு முழம் நகர்த்திக் கிடுகு கட்டியிருக்கிறார் என்று பெரியம்மா எனக்குச் சொன்னார். நீங்கள் கடிதத்தில் அதைப் பற்றி எழுதவில்லை. நீங்களும் எல்லாவற்றையும் எனக்கு எழுதுவதில்லை என்று தெரிகிறது. அவரோடு வாய்த்தர்க்கம் வேண்டாம். நில அளவையாளரைக் கூப்பிடும்வரை வேலியில் கை வைக்கவும் வேண்டாம். காணி உறுதியின் படத்தைத் தம்பியைக் கொண்டு எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்; மூல உறுதியை, மாமா எவ்வளவு அன்பாகக் கேட்டாலும், வெளியே எடுக்கவேண்டாம். அந்தப் பழைய புள்ளித்தாள் இன்னும் அதே பையில்தான் இருக்கிறதென்றால் அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேல்மாடிக்காரருக்குக் காட்டவேண்டும்.

அன்புடன்,
உங்கள் மூத்த மகன்