சுறாவுக்குப் பயந்து ஸ்கூட்டரில் ஏறுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பயணத்தில் காத்திருக்கும் ஆபத்துகளைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். சுறா, விஷப்பாம்பு, குண்டுவெடிப்பு, பெயர் தெரியாத காய்ச்சல் என்று வரிசையாகப் பயமுறுத்தியிருந்தார் கட்டுரையாளர். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் பயணக் காப்பீட்டில் இறப்பு க்ளெய்ம்களைப் பரிசீலிப்பது என் வேலை. என் மேசைக்கு வரும் கோப்புகளுக்கும் அந்தக் கட்டுரைக்கும் சம்பந்தமே இல்லை.

சுறா தானாக வந்து தாக்கி இறப்பவர்கள் உலகம் முழுவதும் சேர்த்து ஆண்டுக்குச் சராசரியாக ஐந்தாறு பேர். சாலை விபத்தில் இறப்பவர்கள், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர். கட்டுரையில் சாலைக்கு ஒரு வரிகூட இல்லை.

வெளிநாட்டில் உண்மையில் உயிரை எடுப்பது எது? முதலில் இதயம். வெளிநாட்டில் இறந்த அமெரிக்கப் பயணிகளைப் பற்றி 1991இல் ஒரு ஆய்வு வந்தது. 1975, 1984 ஆகிய இரண்டு ஆண்டுகளின் இறப்புகளை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். 49 சதவீதம் இதய, ரத்தக்குழாய் நோய்கள். 22 சதவீதம் விபத்து உள்ளிட்ட காயங்கள். நாம் ஊசி போட்டுக்கொண்டு பயந்து பயந்து கிளம்புகிற தொற்றுநோய்கள் வெறும் 1 சதவீதம். ஆய்வு பழையதுதான், ஆனால் அதற்குப் பின் வந்த கணக்குகளும் இந்த வரிசையைப் பெரிதாக மாற்றிவிடவில்லை. 2022 மார்ச்சில் ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஷேன் வார்ன் தாய்லாந்தின் கோ சமூய் தீவில் விடுமுறையில் இருந்தபோது 52 வயதில் இறந்தார். உலகமே அதிர்ந்தது. இயற்கை மரணம் என்று போலீஸ் அறிவித்தது. பிரபலம் என்பதால் அது செய்தியானது. அதேபோல ஹோட்டல் அறையில் இறந்து கிடப்பவர்களின் கோப்பு எங்களுக்கு வாடிக்கை.

அந்தக் கோப்புகளில் உடன் வந்தவர்களின் வாக்குமூலம் இருக்கும். படித்தால் மனசு கேட்காது. "காலையிலிருந்தே நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார், வாயுவாக இருக்கும் என்று விட்டுவிட்டோம்." "பஸ் கிளம்பிவிடும், குழுவுக்குத் தொந்தரவு என்று சொல்லாமல் இருந்துவிட்டார்." ரத்த அழுத்த மாத்திரை செக்-இன் பெட்டியில் போய்விட்டது, பெட்டி வேறு விமானத்தில் வந்தது, இரண்டு நாள் மாத்திரை இல்லை என்பது இன்னொரு வகை. உள்ளூரில் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை எடுத்திருப்பார். அங்கே ஆம்புலன்ஸை எந்த எண்ணில் கூப்பிடுவது என்றே யாருக்கும் தெரியாது.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு பயணம் போகிறவர்கள் நிறைய. அறுபது, எழுபது வயதுக்காரர்களில் சிலருக்கு வீட்டில் இருந்திருந்தாலும் அந்த மாரடைப்பு வந்திருக்கும். அதைப் பயணத்தின் தலையில் கட்ட முடியாது. ஊரில் இருந்திருந்தால் நடந்திருக்காத சாவு எது என்று கேட்டால் நான் காயங்களைத்தான் காட்டுவேன். அதுவும் இளைஞர்களிடம்.

ஊரில் ஹெல்மெட் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாதவர், கடற்கரை ஊருக்குச் சுற்றுலா போனதும் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வாடகை ஸ்கூட்டரில் மலைச்சாலை ஏறுகிறார். இரு சக்கர வண்டி ஓட்ட லைசென்ஸே இருக்காது. கடைக்காரர் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிடுவார், லைசென்ஸைக் கேட்க மாட்டார். விபத்துக்குப் பிறகு நாங்கள் கேட்போம். பாலிசியில் அந்த நிபந்தனை இருக்கும், க்ளெய்ம் நிராகரிக்கப்படும். அந்தக் கடிதத்தைத் தயாரிப்பவர்களில் நானும் ஒருவன், குடும்பம் திட்டும்போது கேட்டுக்கொள்பவனும் நான்தான்.

நடந்து போகிறவர்களும் தப்புவதில்லை. வண்டிகள் இடப்பக்கம் ஓடும் நாட்டில் பழகியவர், வலப்பக்கம் ஓடும் நாட்டில் சாலையைக் கடக்கும்போது தலை தானாகத் தவறான பக்கம் திரும்பும். 1931 டிசம்பரில் நியூயார்க்கின் ஐந்தாவது அவென்யூவில் வின்ஸ்டன் சர்ச்சில் அப்படித்தான் கார் மோதிக் கிடந்தார். பிழைத்தது அதிர்ஷ்டம். அப்புறம் டாக்ஸியின் பின் சீட்டு. முன் சீட்டில் பெல்ட் போடுகிற அதே ஆள் பின்னால் உட்கார்ந்தால் போடமாட்டார். இரவு விமானத்தில் தூங்காமல் இறங்கி, அப்படியே வாடகைக் காரை எடுத்து முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல!

இதற்கு வழியே இல்லையா என்றால் இருக்கிறது. அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்பு ஏழை நாடுகளுக்குத் தொண்டர்களை அனுப்புகிறது. 1962 முதல் 1983 வரை அவர்களில் 185 பேர் இறந்தார்கள். பத்தில் ஏழு பேர் விபத்துகளில். காட்டு நோய்களுக்கும் மிருகங்களுக்கும் பயந்து அனுப்பிய இளைஞர்களைக் கொன்றதில் வாகனங்களுக்குத்தான் பெரிய பங்கு, குறிப்பாக மோட்டார் சைக்கிள். அதற்குப் பிறகு மோட்டார் சைக்கிளுக்குக் கட்டுப்பாடும் ஹெல்மெட் கட்டாயமும் வந்தன. அடுத்த இருபது ஆண்டுகளில், அதாவது 2003 வரை, இறந்தவர்கள் 66 பேர்.

அடுத்தது தண்ணீர். ஹவாய் தீவுகளில் காயத்தால் இறக்கும் சுற்றுலாப் பயணிகளில் முதலிடம் நீரில் மூழ்குவோருக்கு, அதிலும் முகமூடி மாட்டிக்கொண்டு அமைதியாக மீன் பார்க்கும் ஸ்நார்க்லிங் செய்பவர்களுக்கு. கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி முட்டி மோதி நீந்தக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அதிலிருந்து வெளியே வந்துவிட்டு, பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை ஆட்ட வேண்டும். இந்த மூன்று வரி உங்கள் கட்டுரையில் இருந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

மது இவை எல்லாவற்றுக்கும் கூட்டாளி. நீச்சல் குளம், மாடி பால்கனி, ஸ்கூட்டர் எதுவானாலும் ரத்தப் பரிசோதனை அறிக்கையில் அது எட்டிப்பார்க்கும். சில இடங்களில் மதுவே விஷம். லாவோஸின் வாங் வியெங் ஊரில் 2024 நவம்பரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள்.

தொற்றுநோய்களை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. மலேரியாவின் விஷயமே வேறு, அது பயணம் முடிந்த பிறகு கொல்லும். வீடு திரும்பிச் சில வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தால், எந்த நாட்டுக்குப் போய்வந்தோம் என்பதை டாக்டர் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிட வேண்டும். ஃபால்சிபாரம் வகை மலேரியாவில் ஓரிரு நாள் தாமதமே உயிரை எடுத்துவிடும். நாய்க்கடியும் அப்படித்தான், ரேபிஸ் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

இதுவரை சொன்னது சுற்றுலாப் பயணிகளைப் பற்றி. வேலைக்காக வெளிநாட்டில் இருப்பவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் பேச்சே இல்லை. எனக்கு உண்மையான கோபம் அதில்தான்.

அவர்களில் பலருடைய இறப்புச் சான்றிதழில் 'இயற்கை மரணம்' அல்லது 'இதயம் நின்றுவிட்டது' என்று இருக்கும். யாருடைய இதயம்தான் நிற்காமல் சாவு வருகிறது? ஏன் நின்றது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது, பிரேதப் பரிசோதனையே நடந்திருக்காது. மருத்துவத் தகுதிச் சோதனையில் தேறி, விமானம் ஏறிப் போன முப்பது வயதுக்காரர் இரவில் படுத்தவர் காலையில் எழவில்லை என்றால் அதை எப்படி இயற்கை என்று எழுதி மூடுவது?

கத்தாரில் 2009 முதல் 2017 வரை இறந்த நேபாளத் தொழிலாளர்களைப் பற்றி 2019இல் ஒரு ஆய்வு வெளியானது. இதய நோய் என்று பதிவான 571 இறப்புகளில் 200 வரை, வெப்பத்திலிருந்து பாதுகாப்பு கொடுத்திருந்தால் தவிர்த்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். 2021இல் கத்தார் விதியை மாற்றியது. ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெயிலில் வேலை கூடாது, ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். ஆக, 'இதயம் நின்றது' என்ற சொல்லுக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தடுக்கக்கூடிய காரணம் ஒன்று இருந்திருக்கிறது. வெயில் பயணிகளையும் விடுவதில்லை. 2024 ஹஜ் காலத்தில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசே அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் உரிய அனுமதி இல்லாமல் போனவர்கள், அதனால் குளிரூட்டிய கூடாரமும் பேருந்தும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

தற்கொலையைப் பற்றியும் வாய் திறந்து பேச வேண்டும். ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன், வராத சம்பளம், முதலாளி பிடுங்கி வைத்த பாஸ்போர்ட், ஒரு வருடமாகப் பார்க்காத குழந்தை. எல்லாம் ஒரே அறைக்குள் கூடும்போது சிலர் தாங்குவதில்லை. அந்த அறையில் கூடவே தூங்குகிறவர்தான் அதை முதலில் கவனிக்கக்கூடியவர். உங்கள் இதழ் அவர்கள் கையிலும் கிடைக்கும், அவர்களுக்காக ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஒருவர் வெளிநாட்டில் இறந்தால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமில்லாமல் தகவல் சொல்ல வேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தம் சொல்கிறது. ஆகவே இந்த இறப்புகளைப் பற்றிய தகவல் அரசிடம் எங்கோ இருக்கிறது. உடலை அனுப்ப இறப்புச் சான்று, உடல் கெடாமல் பதப்படுத்தியதற்கான எம்பாமிங் சான்று, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட் என்று ஒரு கட்டுக் காகிதம் வேறு சேர்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறை, 2002இல் வந்த சட்டப்படி, தன் குடிமக்கள் வெளிநாட்டில் இயற்கையல்லாத காரணங்களால் இறந்ததை நாடு, தேதி, காரணம் போட்டுப் பொதுவில் வெளியிடுகிறது. பெயர்கள் இருக்காது. எந்த ஊரில் எது கொல்கிறது என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற அரசுகளும் இதைச் செய்யலாம், இன்னும் ஒரு படி மேலே போய் 'இயற்கை மரணம்' என்ற கட்டத்தையும் வயது, தொழில், மாதம் வாரியாகப் பிரித்துக் காட்டலாம். பிரேதப் பரிசோதனை நடந்ததா இல்லையா என்று ஒரு பத்தி சேர்த்தாலே பாதி உண்மை வெளியே வந்துவிடும். இதை நான் தனியாகக் கேட்டால் ஒப்புகைச் சீட்டுகூட வராது. பத்திரிகை கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்கள் நிருபர் ஒருவரை இதற்காகவே அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்