ஆண் குழந்தைக்கு அரிய பெயர்: பொருளையும் பாருங்கள், எழுத்தையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ரேயான்ஷ், கியான்ஷ் என்ற பெயர்கள் இப்போது மலேசியத் தோட்டப்புறத்திலும் தொட்டிலேறுகின்றன. வாட்ஸ்அப் பட்டியல்கள் அவற்றுக்கு ‘விஷ்ணுவின் ஒளி’ என்று பொருள் சொல்கின்றன. கடைசியில் உள்ள ‘அன்ஷ்’, ‘அம்சம்’ என்ற வடமொழிச் சொல்தான். பங்கு என்று பொருள். முன்பாதிக்கோ பட்டியலுக்குப் பட்டியல் ஒரு விளக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத பெயர்தான் வேண்டுமென்றால், சங்கப் பாடல்களைப் புரட்டுங்கள்.

சிறுபாணாற்றுப்படை சொல்லும் வள்ளல்கள் எழுவர். பேகன், பாரி, காரி, ஆய், அதியன், நள்ளி, ஓரி என எல்லாம் நான்கு எழுத்துக்குள் அடங்கும் பெயர்கள். இன்று இவற்றில் பாரியைத் தவிர மற்றவை அபூர்வம். ஆனால் இரட்டைப் பிள்ளைகளுக்கு ஓரி, காரி என்று ஜோடி சேர்த்துவிடாதீர்கள். கொல்லிமலை ஓரியைப் போரில் கொன்றவனே மலையமான் திருமுடிக்காரி! அவர்கள் ஏறிய குதிரைகளுக்கும் அதே பெயர்கள்தாம்.

வழுதி, மாறன், செழியன் மூன்றும் பாண்டியர் பெயர்கள். வளவன், கிள்ளி, சென்னி சோழருடையவை. பொறையன், குட்டுவன் சேரருடையவை. புறநானூற்றில் 182ஆம் பாடலைப் பாடியவர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. 192ஆம் பாடல் கணியன் பூங்குன்றனாருடையது. முருகன் பெயரே வேண்டுமென்றால் சேயோன், சேந்தன் இருக்கின்றன. ‘சேயோன் மேய மைவரை உலகமும்’ என்பது தொல்காப்பியம். செந்நிறத்தோன் என்று பொருள்.

நட்சத்திர எழுத்துப் பார்ப்பவர்களுக்கும் வழியுண்டு. ரோகிணிக்கு ஓ, வ: ஓரி, வளவன். கார்த்திகைக்கு அ, இ, எ: அதியன், இளமாறன், எழிலன். சித்திரைக்குப் பே, போ. மிருகசீரிடத்துக்குக் கா, கி. பூசத்துக்கு வரும் ஹு, ஹே, ஹோவை வைத்துப் பெயர் தேடித்தான் பலர் திண்டாடுகிறார்கள். அந்த எழுத்தில் ஒரு பெயரைக் காதில் ஓதிவிட்டு, பதிவுக்கு விரும்பிய பெயரைக் கொடுங்கள். சட்டம் நட்சத்திரம் பார்ப்பதில்லை.

பெரும்பாலும் கோட்டை விடுவது பதிவுத் துறை முகப்பில்தான். தீபகற்ப மலேசியாவில் 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். அதற்குள் ரோமன் எழுத்துக் கூட்டலை முடிவு செய்து தாளில் எழுதி வைத்திருங்கள். பாரிக்கு ஒற்றை ‘ஏ’ போட்டால் மலாயில் அது திருக்கை மீன், காரிக்கு ஒற்றை ‘ஏ’ போட்டால் கறி. இரண்டுக்கும் இரட்டை ‘ஏ’ போடுங்கள். பேகனைக் ‘கே’ போட்டு எழுதினால் பட்டணம் என்றாகிவிடும், ‘ஜி’ போடுங்கள். மதி என்ற பெயரில் ‘எச்’ விட்டுப்போனால் மலாயில் சாவு என்று பொருள். பள்ளியில் பிள்ளையை எப்படிக் கேலி செய்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

செழியனை ‘சி’ போட்டுத் தொடங்காதீர்கள். 1972இல் மலாய் எழுத்து முறை மாறியதிலிருந்து ‘சி’யை அழுத்தமான ‘ச்ச’ ஓசையில்தான் படிப்பார்கள், ‘எஸ்’ போதும். ழகரத்துக்குத் தமிழ்நாட்டு வழக்கப்படி ‘இசட்–எச்’ போட்டால் மலாய் ஆசிரியர் ‘எசிலன்’ என்றே கூப்பிடுவார். ‘எல்’ போடுவதே நல்லது என்பது என் கருத்து. முழுச் சரியில்லை, ஆனால் நாக்குக்கு அருகில் வரும்.

அதற்கு ஒரு விலை உண்டு. பிறப்புப் பத்திரத்தில் தமிழ் எழுத்து இராது. தமிழ்ப்பள்ளியில் சேர்க்கும்போது, ரோமன் எழுத்தைப் பார்த்து எழிலன் எலிலனாகவும், வளவன் வலவனாகவும் பதிவேட்டில் ஏறக்கூடும். பத்திர நகலோடு தமிழில் எழுதிய பெயரையும் கொடுங்கள்.

தந்தை பெயரில் கை வைக்க வேண்டாம். அந்தக் காலத்துக் கிராணி (தோட்ட எழுத்தர்) செக்ரோலில் (தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில்) காதில் விழுந்தபடி எழுதியதுதான் பல குடும்பங்களில் அடையாள அட்டை வரை வந்திருக்கிறது. பிழையானாலும், மலாயில் ‘மகன்’ என்று குறிக்கும் ‘ஆனாக் லெலாக்கி’க்குப் பின்னால் அதே எழுத்துகள் வரட்டும். எண்கணிதத்துக்காக ஓர் எழுத்தைக் கூட்டினால், எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ், வங்கிக் கணக்கு, கடப்பிதழ் எல்லாவற்றிலும் அந்தப் பிள்ளை அதைத் தவறாமல் எழுதியாக வேண்டும். கையெழுத்துப் போடுமுன் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள்.

ஞாயிறு பதிப்பில் பெயர்ப் பட்டியல் வெளியிட்டால், எந்தப் பாடலில் வரும் பெயர் என்பதையும் பக்கத்தில் அச்சிடும்படி தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்.